‘இல்லை’, ‘தெரியவில்லை’, ‘மறைத்திருக்கிறார்கள்’: டொமைன் தேடல் பக்கம் மூன்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும்

கேள்வி சுருக்கமாக இது: கும்பகோணத்தில் இணையதளம் செய்து தரும் ஒருவர், நாச்சியார்கோயில் குத்துவிளக்குப் பட்டறைகள், சுவாமிமலை சிலைக்கூடங்கள், சுற்றுவட்டார அரிசி ஆலைகள் ஆகியவற்றின் உரிமையாளர்கள் தங்கள் டொமைன் (இணையதளப் பெயர்) விவரத்தைத் தமிழிலேயே பார்த்துக்கொள்ள ஒரு பொதுப் பக்கம் வைத்திருக்கிறார். பின்னால் ஓடுவது, ஒரு டொமைன் யாருடையது என்று கேட்கும் பழைய முறையான ஹூயிஸில் எழுதிய நிரல். பாதித் தேடலுக்கு ‘தகவல் இல்லை’ என்று வருகிறது, முடியும் தேதி சில சமயம் தவறாக இருக்கிறது, கொஞ்சம் பேர் சேர்ந்து பார்த்தால் சர்வர் தடுத்துவிடுகிறது. எதை எப்படித் திருத்துவது என்று கேட்கிறார்.

‘தகவல் இல்லை’ என்ற அந்த ஒரே வரியிலிருந்து தொடங்கலாம். அதற்குள் மூன்று வேறு சங்கதிகள் கிடக்கின்றன. அந்தப் பெயரை யாருமே பதியவில்லை என்பது ஒன்று. உங்கள் நிரல் தவறான இடத்தில் கேட்டது, அல்லது கேட்ட இடம் பதில் தரவில்லை என்பது இன்னொன்று. பதிவு ஒழுங்காக இருக்கிறது, உரிமையாளர் பெயரை மட்டும் வெளியே காட்டுவதில்லை என்பது மூன்றாவது. பட்டறைக்காரர் கைப்பேசியில் ‘தகவல் இல்லை’ என்று பார்த்தால், “என்ன தம்பி, நம்ம பேரு போயிடுச்சா?” என்றுதான் உங்களுக்குப் போன் போடுவார். மூன்றில் எது என்று உங்கள் பக்கத்துக்கே தெரியாதவரை நீங்களும் அவருக்குப் பதில் சொல்ல முடியாது. கீழே சொல்வதெல்லாம் இந்த மூன்றையும் பிரிப்பதற்கான வேலைதான்.

டொமைன் விலைக்கு வாங்கிய மனை இல்லை, கோயில் நிலம் மாதிரி குத்தகை என்பதைப் பக்கத்தின் மேலேயே ஒரு வரியில் எழுதிவிடுங்கள். டெல்டாவில் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ரிஜிஸ்ட்ரி என்பது நிலப் பதிவேட்டை வைத்திருக்கும் இடம். ரிஜிஸ்ட்ரார் என்பவர் இடையில் நின்று தொகை வசூலித்து அங்கே கணக்குக் கட்டுபவர். இருவரிடமும் தனித்தனிப் பதிவேடு உண்டு. அவை இரண்டும் எப்போதும் ஒத்துப்போகாது. பின்னால் வரும் தேதிச் சிக்கலின் வேர் அங்கே இருக்கிறது.

ஹூயிஸை முதல் வழியாக வைக்காதீர்கள்

ஹூயிஸ் 1982இல் எழுதப்பட்ட ஏற்பாடு. இப்போது நடப்பில் இருக்கும் அதன் வரையறை 2004இல் வந்த ஆர்எஃப்சி 3912 என்ற இணையத் தர ஆவணம். போர்ட் 43இல் இணைந்து, பெயரை ஒரு வரியாக அனுப்பினால், ஏதோ ஒரு எழுத்துக் குவியல் திரும்பி வரும். குவியலுக்குள் எது எந்த வரிசையில் இருக்க வேண்டும் என்று விதி இல்லை. ஒரு சர்வர் தேதியை ஆண்டு முதலில் எழுதும், இன்னொன்று நாள் முதலில் எழுதும். பெயர் கிடைக்காவிட்டால் ‘நோ மேட்ச்’ என்று ஒன்று, ‘நாட் ஃபவுண்ட்’ என்று ஒன்று, ‘நோ டேட்டா’ என்று மற்றொன்று. உங்கள் நிரல் இந்தச் சொற்களில் ஒன்றிரண்டை மட்டும் தெரிந்துவைத்திருக்கும். மற்றது எது வந்தாலும் ஒரே பையில் போட்டுவிடும்.

எழுத்துக் குறிமுறை எது என்று சொல்லவும் ஹூயிஸில் வழி கிடையாது. தமிழில் நிறுவனப் பெயர் இருந்தால் கேள்விக்குறிகளாக வந்து விழுவது அதனால்தான். பாதையில் தகவலைப் பூட்டி அனுப்பும் மறையாக்கமும் இல்லை. நடுவில் ஒருவர் பதிலை மாற்றினாலும் தெரியாது.

இதற்கு மாற்றாக வந்த கேள்வி-பதில் முறை ஆர்டாப். 2015 மார்ச்சில் தரமானது. எச்டிடிபிஎஸ் என்ற மறையாக்கப் பாதை வழியாகக் கேட்கிறோம், எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் யூடிஎஃப்-8 ஜேசானாக, அதாவது பெயரிட்டு அடுக்கிய தகவலாகப் பதில் வருகிறது. ஒவ்வொரு தகவலுக்கும் நிலையான பெயர் உண்டு. .காம், .நெட், .ஆர்க் போன்ற பொது முடிவுகளின் (முடிவு என்பது பெயரின் கடைசித் துண்டு) ரிஜிஸ்ட்ரிகளும் ரிஜிஸ்ட்ரார்களும் 2019 ஆகஸ்ட் 26க்குள் ஆர்டாப் தரத் தொடங்க வேண்டும் என்று, டொமைன் பெயர்களை மேற்பார்க்கும் உலக அமைப்பான ஐகான் கட்டாயமாக்கியது. 2025 ஜனவரி 28 முதல் அதே ஆட்கள் ஹூயிஸ் சர்வரை ஓட்ட வேண்டிய கடமை நீங்கிவிட்டது. சிலர் இன்னும் ஓட்டுகிறார்கள், சிலர் மூடிவிட்டார்கள். மூடிய சர்வரைத் தட்டிவிட்டு ‘தகவல் இல்லை’ என்று எழுதினால் அது பொய். உங்கள் பாதித் தோல்விக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

நிரலுக்குள் சர்வர் பெயர்களை எழுதிவைப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு 2024இல் நடந்த .மொபி விவகாரம் போதும். அந்த முடிவின் ஹூயிஸ் சர்வர் வேறு பெயருக்கு மாறிய பின் பழைய டொமைன் காலாவதியானது. பாதுகாப்பு ஆய்வாளர்கள் சிலர் சுமார் 20 டாலருக்கு அதை வாங்கி ஒரு சர்வரை வைத்தார்கள். உலகெங்கும் இருந்து பழைய நிரல்கள் அங்கேயே வந்து கேட்டுக்கொண்டிருந்தன. கேட்டவற்றில், தளம் உண்மையானது என்று காட்டும் டிஎல்எஸ் சான்றிதழ் வழங்கும் அமைப்புகளும் இருந்தன. போலிப் பதிலில் ஒரு மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தே அடுத்தவர் தளத்துக்குச் சான்றிதழ் வாங்கும் வாசல் திறந்து கிடந்தது. அதன் பிறகே ஹூயிஸ் மின்னஞ்சலை நம்பிச் சான்றிதழ் கொடுக்கும் வழக்கத்துக்கு முடிவு கட்டினார்கள்.

எந்த சர்வரைக் கேட்பது

ஆர்டாப்பில் சர்வர் பெயரை நீங்கள் நினைவில் வைக்க வேண்டியதில்லை. முடிவுகளின் மூலப் பட்டியலை வைத்திருக்கும் ஐயானா ஒரு ஜேசான் கோப்பு வெளியிடுகிறது, பெயர் ‘டிஎன்எஸ் டாட் ஜேசான்’. அதன் ‘சர்வீசஸ்’ பகுதியில் ஒவ்வொரு வரியும் இரண்டு பட்டியல்: முதலாவது முடிவுகள், இரண்டாவது அவற்றுக்கான அடிப்படை முகவரிகள். கேட்ட பெயரின் கடைசித் துண்டை முதல் பட்டியலில் தேடுங்கள். கிடைத்த அடிப்படை முகவரியோடு ‘டொமைன்’ என்ற சொல், ஒரு சாய்கோடு, பெயர் ஆகியவற்றை ஒட்டினால் கேள்வி தயார். இந்தக் கோப்பை ஒவ்வொரு தேடலுக்கும் இறக்காதீர்கள். நாளுக்கு ஒரு முறை போதும். இறக்கும்போது பிழை வந்தால் நேற்றைய பிரதியையே வைத்துக்கொள்ளுங்கள். காலிக் கோப்பை மேலே எழுதிவிட்டு அன்று முழுக்க எல்லாப் பெயரும் ‘இல்லை’ என்று சொல்லும் பக்கங்கள் இருக்கின்றன.

நாட்டு முடிவுகளுக்கு ஐகானின் கட்டாயம் பொருந்தாது. சிலவற்றுக்கு ஆர்டாப் உண்டு, சிலவற்றுக்கு இன்றும் ஹூயிஸ்தான். கோப்பில் முடிவு இல்லையென்றால், ஐயானாவின் ஹூயிஸ் சர்வரிடம் முடிவை மட்டும் கேளுங்கள். அந்த முடிவுக்கான ஹூயிஸ் சர்வர் பெயர் ஒரு வரியில் வரும். அங்கே போய்க் கேட்கலாம். முடிவு உண்டு, சர்வர் பெயர் மட்டும் இல்லையென்றால் ‘இந்த முடிவுக்குப் பொதுத் தேடல் வசதி இல்லை’ என்று எழுதுங்கள். ‘பதிவு இல்லை’ என்று எழுதக் கூடாது.

.காம், .நெட் இரண்டிலும் ரிஜிஸ்ட்ரியிடம் உரிமையாளர் விவரம் கிடையாது. ரிஜிஸ்ட்ரார் யார், தேதிகள், நேம்சர்வர் (தளம் எங்கே இருக்கிறது என்று வழிகாட்டும் சர்வர்), ஸ்டேட்டஸ் (பெயரின் நிலைக் குறிப்பு) இவ்வளவே அங்கே கிடைக்கும். பதிலின் ‘லிங்க்ஸ்’ பகுதியில் ‘ரிலேட்டட்’ என்று குறித்த ஒரு முகவரி இருக்கும். அது ரிஜிஸ்ட்ராரின் ஆர்டாப். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையோடு நின்றால் கடைமடைக்கு என்ன கிடைக்கும்? அந்த இரண்டாவது கேள்வியையும் கேட்டால்தான் பதில் முழுமை. ஆனால் ரிஜிஸ்ட்ரார் சர்வர்கள் சில மந்தமாக இருக்கும், சில முகவரிகள் செத்துப்போயிருக்கும். 5 வினாடிக்கு மேல் காத்திருக்காதீர்கள். ரிஜிஸ்ட்ரி பதிலை உடனே காட்டிவிட்டு, இரண்டாவது வந்ததும் கீழே சேருங்கள். வராவிட்டால் ‘ரிஜிஸ்ட்ரார் பதில் தரவில்லை’ என்று அந்தக் கட்டத்தில் மட்டும் வரட்டும்.

சர்வர் தரும் எண்ணை அப்படியே மதியுங்கள். 200 என்றால் பதிவு உண்டு. 404 என்றால் அந்த சர்வரில் பதிவு இல்லை. 429 என்றால் அதிகமாகக் கேட்டுவிட்டீர்கள். 400 என்றால் நீங்கள் அனுப்பிய பெயரின் வடிவம் கோணல். 500 வரிசை என்றால் அவர்கள் பக்கம் கோளாறு. இவற்றில் 404 மட்டுமே ‘இல்லை’. மீதிப் பிழைகள் அனைத்தும் ‘தெரியவில்லை’. அந்த 404கூட ‘வாங்கலாம்’ என்று பொருள் தராது. ரிஜிஸ்ட்ரி ஒதுக்கிவைத்த பெயராக இருக்கலாம், கூடுதல் விலைப் பெயராக இருக்கலாம். வாங்க முடியுமா என்பதை ரிஜிஸ்ட்ராரின் விற்பனைப் பக்கம்தான் உறுதியாகச் சொல்லும்.

கடைக்காரர் தட்டுவது எதுவோ அதைச் சுத்தம் செய்யுங்கள்

வாட்ஸ்அப்பில் வந்த முழு முகவரியை அப்படியே ஒட்டுவார்கள். முன்னால் எச்டிடிபிஎஸ், டபிள்யூடபிள்யூடபிள்யூ, பின்னால் சாய்கோடு, கேள்விக்குறி, அதற்கும் பின்னால் ஒரு முழம் வால். எல்லாம் கழித்து, பதிவு செய்யக்கூடிய பெயரை மட்டும் எடுக்க வேண்டும். கடைசி இரண்டு துண்டை எடுத்தால் போதும் என்று எழுதிய நிரல் .கோ.இன் முடிவில் மாட்டிக்கொள்ளும். கடையின் பெயர் போய் ‘கோ.இன்’ மட்டும் மிஞ்சும். இதற்கு ‘பப்ளிக் சஃபிக்ஸ் லிஸ்ட்’ என்ற பொதுப் பட்டியலைப் பயன்படுத்துங்கள். அதில் இரண்டு பகுதி உண்டு. ஐகான் பகுதியை மட்டும் எடுங்கள். தனியார் பகுதியில் இலவச வலைப்பூ, கிட்ஹப் பக்கம் போன்றவற்றின் முடிவுகளும் இருக்கின்றன. அதையும் சேர்த்தால், இலவசத் தளத்தில் இருக்கும் கடையின் துணைப்பெயரை டொமைன் என்று நினைத்து ரிஜிஸ்ட்ரியிடம் போய் நிற்பீர்கள். அப்படிப்பட்ட முகவரி வந்தால் ‘இது உங்கள் சொந்த டொமைன் இல்லை, இலவச சேவைக்குக் கீழே உள்ள பக்கம்’ என்று சொல்வதே சரியான பதில். பல கடைக்காரர்களுக்கு அதுவே புதுச் செய்தியாக இருக்கும்.

தமிழ்ப் பெயர்களுக்கு வருவோம். தமிழில் நாட்டு முடிவுகள் மூன்று: .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர். உள்ளே இவை ‘எக்ஸ்என்’ என்று தொடங்கி இரட்டைக் கோடு போட்ட ஆங்கில எழுத்துச் சரமாக, அதாவது ப்யூனிகோடாகத்தான் புழங்குகின்றன. ஆர்டாப் பதிலில் இரண்டு வடிவமும் வரலாம். ‘எல்டிஎச் நேம்’ என்பது ஆங்கிலச் சரம், ‘யூனிகோட் நேம்’ என்பது தமிழ். தமிழ் வடிவம் வரவில்லையென்றால் நீங்களே மாற்றிக் காட்டுங்கள். ஆங்கிலச் சரத்தைப் பார்த்தால் எந்தக் கடைக்காரருக்கும் வைரஸ் வந்துவிட்டது என்றே தோன்றும்.

கும்பகோணம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ‘கோ’ வருகிறது. ஓகாரக் குறி யூனிகோடில் ஒரே குறியாகவும் இருக்கலாம், இரட்டைக் கொம்பும் காலும் என்று இரண்டு குறியாகவும் இருக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, கணினிக்கு இரண்டும் வேறு. என்எஃப்சி என்ற முறைப்படி ஒருங்கிணைத்த பிறகே ப்யூனிகோடாக மாற்ற வேண்டும். இதை விட்டுவிட்டால், ஒரு கைப்பேசி விசைப்பலகையில் கிடைக்கும் பெயர் இன்னொன்றில் ‘இல்லை’ என்று வரும். ஒட்டும்போது கூடவே வரும் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிக் குறிகளையும் நீக்குங்கள்.

என்எஃப்சியாலும் தீராதது ஔகாரம். ‘கௌ’ என்று ஔகாரக் குறி போட்டு எழுதுவதும், ‘கெ’ எழுதிப் பக்கத்தில் ‘ள’ போடுவதும் பார்வைக்கு ஒன்றே. இவை உண்மையிலேயே வேறு எழுத்துகள், அதனால் எந்த ஒருங்கிணைப்பும் சேர்க்காது. கௌரி, சௌந்தரம் என்று கடைப் பெயர் வைத்திருப்பவர்களுக்கு இது நேரடிச் சிக்கல். ஔகாரம் வந்தால் இரண்டு வடிவத்தையும் தேடி, ‘இதே போல் தெரியும் இன்னொரு பெயரும் பதிவாகியிருக்கிறது’ என்று காட்டும் வசதியை வையுங்கள். ஆங்கிலத் தேடல் பக்கம் எதுவும் இதைச் செய்து தரப்போவதில்லை. உங்கள் பக்கத்துக்கு நியாயம் இருக்கிறதென்றால் இந்த மாதிரி இடத்தில்தான்.

முடியும் தேதி ஏன் பொய் சொல்கிறது

.காம் டொமைன் ஒன்றின் காலம் ஜூலை 10இல் முடிகிறது, கடைக்காரர் பணம் கட்டவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை 11 அன்று ரிஜிஸ்ட்ரியைக் கேட்டால் அடுத்த வருடம் ஜூலை 10 என்று பதில் வரும். ரிஜிஸ்ட்ரி தானாகவே ஒரு வருடம் நீட்டிவிடுகிறது. பணம் வராவிட்டால் அதை ரத்து செய்ய ரிஜிஸ்ட்ராருக்கு 45 நாள் வரை அவகாசம். உங்கள் பக்கம் பச்சை நிறத்தில் ‘இன்னும் 364 நாள்’ என்று காட்டும். கடைக்காரர் நிம்மதியாகத் தூங்குவார். சில நாளில் தளம் இருண்டுவிடும்.

இதற்குத் தீர்வு ஸ்டேட்டஸ் பகுதியில் இருக்கிறது. ‘ஆட்டோ ரெனியூ பீரியட்’ என்று இருந்தால் ரிஜிஸ்ட்ரி தேதியை நம்பாதீர்கள். ரிஜிஸ்ட்ரார் பதிலில் ‘ரிஜிஸ்ட்ரார் எக்ஸ்பிரேஷன்’ என்ற நிகழ்வு இருந்தால் அந்தத் தேதியைக் காட்டுங்கள். இதிலும் ஒரு நெளிவு உண்டு: பணம் ஒழுங்காகக் கட்டியவருக்கும் இந்த ஸ்டேட்டஸ் சில வாரம் நிற்கலாம். எனவே சிவப்பும் வேண்டாம், பச்சையும் வேண்டாம். ‘நீட்டிப்பு இன்னும் உறுதியாகவில்லை. ரிஜிஸ்ட்ராரிடம் பணம் கட்டிய ரசீது இருக்கிறதா பாருங்கள்’ என்று மஞ்சளில் எழுதுங்கள்.

அதற்குப் பிறகு வரும் படிகளும் பக்கத்தில் இருக்கட்டும். ரிஜிஸ்ட்ரார் ரத்து செய்தால் ‘ரிடெம்ப்ஷன் பீரியட்’, 30 நாள். இந்தக் காலத்தில் பெயரை மீட்கலாம், கட்டணம் வழக்கத்தைவிட நன்றாகவே கூடும். அதன் பின் ‘பென்டிங் டெலீட்’, 5 நாள். இதில் யாராலும் மீட்க முடியாது. ஆறாம் நாள் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், நல்ல பெயராக இருந்தால் நொடிக்கணக்கில் எடுத்துவிடுவார்கள். இவை பொது முடிவுகளின் கணக்கு.

நேர மண்டலமும் ஒரு நாளைத் தின்னும். எல்லாத் தேதியும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வருகிறது. மார்ச் 14, 18:45 என்று வந்தால் நமக்கு அது மார்ச் 15 நள்ளிரவு தாண்டி 12:15. இந்திய நேரத்தைக் காட்டுங்கள், ‘இன்னும் எத்தனை நாள்’ என்ற எண்ணை மட்டும் முந்தைய தேதியிலிருந்து எண்ணுங்கள். ஒரு நாள் முன்னால் பணம் கட்டியதால் யாரும் கெட்டுப்போகவில்லை.

நேம்சர்வரை மாற்றிய உடனே வந்து பார்த்துவிட்டு ‘மாறவே இல்லையே’ என்பார்கள். பொது முடிவுகளின் ரிஜிஸ்ட்ரிகள் தேடல் தகவலை 60 நிமிடத்துக்குள் புதுப்பிக்க வேண்டும் என்பது ஒப்பந்த அளவு. ஒரு மணி நேரம் பொறுக்கச் சொல்லுங்கள். பதிலில் ‘ஆர்டாப் தரவுத்தளம் கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நேரம்’ என்று ஒரு நிகழ்வு வரும். அதைச் சின்ன எழுத்தில் கீழே போட்டால் பாதிச் சண்டை தீரும்.

ஸ்டேட்டஸை மொழிபெயர்த்தால் போதாது

‘க்ளையன்ட் டிரான்ஸ்ஃபர் ப்ரோஹிபிட்டட்’ என்பதை ‘மாற்றம் தடைசெய்யப்பட்டது’ என்று அப்படியே தமிழாக்கினால், கோர்ட் தடை உத்தரவு வந்த மாதிரி பயந்துவிடுவார்கள். உண்மையில் அது கதவுக்குப் போட்ட பூட்டு. அனுமதியில்லாமல் இன்னொரு ரிஜிஸ்ட்ராருக்குப் பெயரை நகர்த்த முடியாது என்று பொருள். நல்ல நிலைமை. வேடிக்கை என்னவென்றால், ‘ஆக்டிவ்’ (ஹூயிஸில் ‘ஓகே’) என்று மட்டும் தனியாக வந்தால் அதுதான் கவனிக்க வேண்டியது. எந்தப் பூட்டும் போடவில்லை என்று அர்த்தம்.

‘க்ளையன்ட் ஹோல்ட்’ என்றால் ரிஜிஸ்ட்ரார் நிறுத்திவைத்திருக்கிறார், தளமும் மின்னஞ்சலும் ஓடாது. பெரும்பாலும் காரணம் இரண்டு. ஒன்று பணம். மற்றொன்று, புதிதாகப் பதிந்த பின் வரும் உறுதிப்படுத்தல் மின்னஞ்சலை 15 நாளுக்குள் திறந்து சொடுக்காதது. டொமைன் பதியும்போது கடைக்காரரின் பயன்படாத மின்னஞ்சலைக் கொடுத்தால் இதுதான் நடக்கும். ‘சர்வர் ஹோல்ட்’ என்றால் ரிஜிஸ்ட்ரியே நிறுத்தியது. சட்டச் சிக்கலாகவோ மோசடிப் புகாராகவோ இருக்கலாம், ரிஜிஸ்ட்ரார் மூலம்தான் விசாரிக்க வேண்டும்.

ஒவ்வொரு ஸ்டேட்டஸுக்கும் எதிரே மூன்றே விஷயம் போதும்: இது என்ன, தளம் ஓடுமா ஓடாதா, யாரைக் கேட்பது.

உரிமையாளர் பெயர் தெரியாததற்குக் காரணம்

ஐரோப்பிய ஒன்றியத்தின் தனியுரிமைச் சட்டம் 2018 மே 25இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பு ஐகான் தற்காலிக விதி ஒன்றைக் கொண்டுவந்தது. அதிலிருந்து பெயர், தெரு, தொலைபேசி, மின்னஞ்சல் எல்லாம் பொதுத் தேடலில் மறைகின்றன. ஐரோப்பியர், இந்தியர் என்று பிரிக்காமல் பெரும்பாலான ரிஜிஸ்ட்ரார்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி மறைத்துவிட்டார்கள். வலங்கைமான்காரருக்கும் பெர்லின்காரருக்கும் ஒரே திரை.

மறைப்பைக் கண்டுபிடிக்க, ஆர்டாப் பதிலில் ‘ரிடாக்டட்’ என்ற பகுதியைப் பாருங்கள். 2024இல் வந்த ஆர்எஃப்சி 9537 இதை வகுத்தது. எந்தத் தகவல் மறைந்தது, நீக்கினார்களா, காலியாக விட்டார்களா, பாதி காட்டினார்களா, மாற்று மதிப்பு கொடுத்தார்களா என்று அதில் இருக்கும். எல்லா சர்வரும் இதைத் தருவதில்லை. அங்கெல்லாம் ‘ரிமார்க்ஸ்’ பகுதியில் மறைப்புக் குறிப்பு இருக்கிறதா பாருங்கள். கிடைத்தால் ‘பதிவு உண்டு. பெயரை ரிஜிஸ்ட்ரார் மறைத்திருக்கிறார். இது வழக்கம்தான்’ என்று எழுதுங்கள்.

பினாமி சேவை வேறு. அங்கே பெயர் இருக்கும், ஆனால் அது இடைநிலை நிறுவனத்தின் பெயர். அதை ‘உரிமையாளர்’ என்று தலைப்பிட்டுக் காட்டினால், கடைக்காரர் தன் டொமைனை யாரோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனி அபகரித்துவிட்டதாக நினைப்பார். .இன் முடிவில் இந்தப் பினாமி சேவைக்கு அதன் ரிஜிஸ்ட்ரியான நிக்சி இடம் கொடுப்பதில்லை. ஆனாலும் பொதுத் தேடலில் தனிநபர் விவரம் மறைந்தே இருக்கும்.

டெல்டா கடைகளில் அதிகம் வரும் உண்மையான கேள்வி இது: “பேரு என் பேருல இருக்கா, வெப்சைட் போட்ட பையன் பேருல இருக்கா?” பொதுத் தேடலால் இதற்குப் பதில் சொல்ல முடியாது என்று பக்கத்தில் வெளிப்படையாக எழுதுங்கள். எழுதிவிட்டு வழியையும் சொல்லுங்கள். தேடலில் தெரியும் ரிஜிஸ்ட்ரார் பெயரைக் குறித்துக்கொண்டு, அந்தக் கணக்கில் யார் மின்னஞ்சலால் நுழைகிறார்கள் என்று கேட்க வேண்டும். பொது முடிவுகளில் ரிஜிஸ்ட்ரார்கள் வருடத்துக்கு ஒரு முறை ‘உங்கள் விவரம் சரிதானா’ என்று உரிமையாளருக்கு நினைவூட்டல் அனுப்ப வேண்டும். அது யார் பெட்டிக்கு வருகிறது என்பது நல்ல தடயம். கணக்குக்குள் நுழைந்து உரிமையாளர் பகுதியைத் திரையோடு பார்ப்பதே உறுதியானது. மறைத்த உரிமையாளரை வெளியாள் ஒருவர் தொடர்புகொள்ள வேண்டுமென்றால், ரிஜிஸ்ட்ரார் தரும் மாற்று மின்னஞ்சலோ படிவமோ பதிலிலேயே இருக்கும். விவரத்தையே கேட்க வேண்டிய சட்டத் தேவை இருந்தால் ரிஜிஸ்ட்ராரிடம் காரணத்தோடு விண்ணப்பிக்கலாம். பொது முடிவுகளுக்கு ஐகான் 2023 நவம்பர் இறுதியில் அதற்கென ஒரு விண்ணப்பச் சேவையைத் திறந்தது. அதில் சேர்ந்த ரிஜிஸ்ட்ரார்களுக்குத்தான் அது போய்ச் சேரும்.

பெயர் மறைந்தாலும் பதிந்த தேதி மறைவதில்லை. மானியம் தருகிறோம், பயிர்க் காப்பீட்டுத் தொகை வந்திருக்கிறது என்று ஒரு இணைப்பு வந்தால், அதன் டொமைன் பதிந்து 9 நாள்தான் ஆகிறது என்று உங்கள் பக்கம் கொட்டை எழுத்தில் காட்டட்டும். அரசுத் தளமென்றால் முடிவு பெரும்பாலும் .கவ்.இன் அல்லது .நிக்.இன் என்று இருக்கும். பணம் போய்விட்டால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். மோசடியைப் புகார் செய்வதற்கான ‘அப்யூஸ்’ தொடர்பு முகவரி ரிஜிஸ்ட்ரார் பகுதிக்குள் இன்னும் ஒரு அடுக்கு உள்ளே இருக்கும். மேல் அடுக்கை மட்டும் தேடும் நிரலுக்குக் கிடைக்காது, உள்ளே இறங்கித் தேட வேண்டும்.

தடுத்துவிடுகிறார்கள் என்பதற்கு

நீங்கள் பகிர்வு ஹோஸ்டிங்கில் இருக்கிறீர்கள் என்றால், உங்கள் ஐபி முகவரி உங்களுக்கு மட்டும் உரியதல்ல. அதே முகவரியில் இருக்கும் இன்னொருவர் ஆயிரக்கணக்கில் தேடினாலும் தடை உங்களுக்கும் சேர்த்துத்தான். உங்கள் பயனர்கள் எல்லாரும் ஒரே மதகு வழியாகப் போகிறார்கள் என்பது அடுத்த காரணம்.

எனவே தேடலைப் பயனரின் உலாவியிலிருந்தே நேராக அனுப்புங்கள். அவரவர் கைப்பேசி, அவரவர் ஐபி. இதற்கு எதிர் சர்வர், இன்னொரு தளத்தின் பக்கம் தன் பதிலைப் படிக்க விடும் கோர்ஸ் அனுமதித் தலைப்பைத் தர வேண்டும். ஐகானின் ஆர்டாப் வழிகாட்டி அதைக் கேட்கிறது, ஆகவே பொது முடிவுகளில் பெரும்பாலும் நடக்கும். நாட்டு முடிவுகளில் சில மறுக்கும். மறுத்தால் மட்டும் உங்கள் சர்வர் வழியாகப் போங்கள். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது: யார் எந்தப் பெயரைத் தேடினார் என்பது உங்கள் பதிவேட்டில் விழாது. புதுக் கடைக்குப் பெயர் பார்ப்பவர் அந்தப் பெயரை வேறு யாருக்கும் தெரியவிடக் கூடாது. உங்கள் சர்வர் வழியாகப் போகும் தேடல்களிலும் பெயரை எழுதிவைக்காதீர்கள், எண்ணிக்கை மட்டும் போதும்.

சர்வர் வழியாகப் போகும்போது முறைப்பாசனம் மாதிரி முறை வையுங்கள். ஒரே ரிஜிஸ்ட்ரிக்கு 2 வினாடிக்கு ஒரு கேள்வி என்று வரிசை போட்டால் உங்கள் அளவுக்குத் தாராளம். 429 வந்தால் ‘ரிட்ரை ஆஃப்டர்’ தலைப்பில் எத்தனை வினாடி என்று இருக்கலாம், இருந்தால் அதுவரை அந்த சர்வரைத் தொடாதீர்கள். உடனே மறுபடி மறுபடித் தட்டும் நிரலுக்குத்தான் தடை நீள்கிறது. 200 பதிலை 12 மணி நேரம் சேமித்துவைக்கலாம். முடிய 30 நாளுக்குள் இருக்கும் பெயரை ஒரு மணி நேரத்துக்கு மேல் சேமிக்க வேண்டாம். 404ஐ 5 நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள், அதற்குள் யாராவது பதிந்திருப்பார்கள். 429, 500 பதில்களைச் சேமிக்கவே கூடாது. இந்தக் கடைசித் தவறு பழைய நிரல்களில் சாதாரணம். ஒரு முறை தடை வந்தால் அந்தப் பெயர் நாள் முழுக்க ‘தகவல் இல்லை’ என்றே நிற்கும். உங்கள் நிரலில் முதலில் தேடிப் பார்க்க வேண்டிய இடம் இதுவாக இருக்கலாம்.

மாற்றியபின் சோதிக்க

ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு ஓட்டிப் பார்க்க எட்டு உள்ளீடு வைத்துக்கொள்ளுங்கள்: சோதனைக்கென்றே ஒதுக்கிய ‘எக்சாம்பிள் டாட் காம்’, நீங்கள் பராமரிக்கும் ஒரு .இன் பெயர், முன்னால் டபிள்யூடபிள்யூடபிள்யூ சேர்த்து ஒரு .கோ.இன் பெயர்; .இந்தியா முடிவில் ஒரு தமிழ்ப் பெயர், ஓகாரத்தை இரண்டு குறியாகத் தட்டி. வாய்க்கு வந்தபடி தட்டிய 20 எழுத்துப் பெயர். ஒரு இலவச வலைப்பூ முகவரி. இல்லவே இல்லாத முடிவு கொண்ட பெயர். கடைசியாக, உலாவியும் சர்வரும் ரிஜிஸ்ட்ரியை எட்ட முடியாதபடி இணைப்பைத் துண்டித்துவிட்டு முதல் பெயரே மறுபடி.

ஐந்தாவது மட்டும் ‘பதிவு இல்லை’ என்று வர வேண்டும். ஆறாவது ‘சொந்த டொமைன் இல்லை’. ஏழாவது ‘இப்படி ஒரு முடிவே கிடையாது’. எட்டாவது, சேமித்த பிரதி இருந்தால் எடுத்த நேரத்தோடு பழைய பதில், இல்லையென்றால் ‘இப்போது கேட்க முடியவில்லை, சற்றுப் பொறுத்துப் பாருங்கள்’. இந்த எட்டில் எதற்காவது ‘தகவல் இல்லை’ என்ற பழைய வரி எட்டிப் பார்த்தால், நிரலில் எங்கோ ஒரு மூலையில் பிழைகளையெல்லாம் ஒன்றாகச் சுருட்டும் வரி இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைத் தேடிப் பிடித்து எடுத்துவிட்டு, எட்டையும் மறுபடி ஓட்டுங்கள்.